மூன்று நாள் கிடை

ஜூன் 3, செவ்வாய்

முப்பத்தோரு வருடம் கண்டக்டர் வேலை பார்த்து, போன சனிக்கிழமை ஓய்வு பெற்றேன். டெப்போவில் மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், இந்த டைரியையும் கொடுத்தார்கள். பாதி வருடம் போன பிறகு டைரி கொடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது! வீணாக்க மனமில்லை, எழுதுகிறேன்.

இன்று காலை நிலத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே காலே வைக்க முடியவில்லை. நாலு ஏக்கரும் சீமைக்கருவேலம். எங்கள் புள்ளியேந்தலில் சுருக்கமாகக் கருவை என்போம். ஆள் உயரத்துக்கு மேல் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. வரப்பு எது, வயல் எது தெரியவில்லை. கிழக்கே அரை மைலில் கடல், உப்புக்காற்று முகத்தில் அடிக்கிறது, கடலைக் காணோம். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சேதுராக்கு ஊக்கால் முள்ளை எடுத்தாள்.

"அதுக்குள்ள எதுக்குப் போனீங்க?"

"சுத்தம் பண்ணி வெள்ளாமை போடப் போறேன்."

அவள் ஊக்கைத் திரும்பச் சேலையில் குத்திக்கொண்டு எழுந்து போனாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு வரை இவள்தான் அந்த நிலத்தில் வெள்ளாமை பார்த்தாள். நான் சென்னை வண்டியில் ஓடிக்கொண்டிருந்தேன். ஏன் விட்டாள் என்று கேட்டதில்லை. பொம்பளையால் தனியாக முடியவில்லை போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

நாகேந்திரன் பேசினான். சவூதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான் என் மகன். போய் ஆறு வருடம், வந்தது இரண்டு தடவை. வயது முப்பது ஆகிறது.

"அப்பா, டிசம்பரோட காண்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கவா வேணாமான்னு கேப்பாய்ங்க. நெலத்த மட்டும் வெளையுற நெலமா ஆக்கிக் காட்டுங்க, நான் வந்துர்றேன். நெல்லு, அப்பறம் மொளகா. நானே பாத்துக்கிர்றேன்."

"வெளையலன்னா?"

"வெளையலன்னா வந்து என்னப்பா செய்றது? உங்க பென்சன்ல உக்காந்து திங்கச் சொல்றீங்களா?"

சேதுராக்கு போனை வாங்கி, சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று நாலு தடவை கேட்டாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வராது. எனக்கும் அவனிடம் சொல்ல வராத ஒன்றை இதில் எழுதலாம். எனக்கு என் பிள்ளை வேண்டும். டிசம்பரில் வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் பார்வையிட வந்தாள். என் வண்டி டிரைவரின் மகள் வயசுதான் இருக்கும். நிறையப் பேசினாள். இந்தக் கருவை மெக்சிகோ பக்கத்துச் செடியாம். அங்கே கடலோரத்தில் அதுபாட்டுக்கு இருக்குமாம். அதைத் தின்கிற வண்டு, பூச்சி எல்லாம் அங்கே உண்டு, அளவோடு நிற்குமாம். இங்கே கேட்க நாதியில்லாமல் பரவிவிட்டதாம்.

"வேரோட எடுத்தாலும் கவனமா இருக்கணும் சார். விதை பத்து வருசம்கூட மண்ணுக்குள்ள கெடக்கும். முக்கியமா ஆடு மாடு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு ஆடும் இல்ல, மாடும் இல்லம்மா" என்று முடித்துவிட்டேன். படித்த பிள்ளைகளுக்கு ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

ஜூலை 2, புதன்

ஜேசிபி வந்தது. கரி வியாபாரி ஒருவன், மரத்தை நானே வெட்டிக்கொள்கிறேன், உங்களுக்குச் செலவில்லை என்றான். அவன் மேலே வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டு போய்விடுவான், அடித்தூர் மண்ணில் கிடக்கும், அடுத்த மழைக்கு நாலாக வெடிக்கும். நம்மிடமா? தூரோடு பிடுங்கிப் போட்டால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றேன்.

ஒரு வேரை அளந்து பார்த்தேன். என்னைப்போல் இரண்டு ஆள் நீளம். அப்பப்பா.

ஜூலை 11, வெள்ளி

முடிந்தது! நாலு ஏக்கரும் வெட்டவெளி. வரப்பில் நின்றால் கடல் தெரிகிறது. சேதுராக்கை அழைத்துப் போய்க் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா, கண்புரையில் நீர் வடிகிறதா என்று தெரியவில்லை. கண்ணைக் காட்ட வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

சேதுராக்குக்கு மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்தது. அவள் அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருக்கச் சொல்லிவிட்டு நான் ஊர் திரும்பினேன். ரசம் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அதிர்ஷ்டம் என்றால் இதுதான். கமுதிப் பக்கத்திலிருந்து சாத்தையா என்று ஒரு கீதாரி, ஊர் ஊராக ஆடு மேய்க்கிறவர், முந்நூறு செம்மறியோடு நம் ஊர் வழியாகப் போகிறார். கிடை போடுகிறீர்களா என்று நானே போய்க் கேட்டேன். ஆடுகளை வயலில் வலை கட்டி ராத்திரி முழுக்க அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். மூட்டை உரமெல்லாம் அதற்கு உறை போடக் காணாது. என் அப்பா காலத்தில் கிடை போட்ட வயலென்றால் ஊரே பொறாமைப்படும்.

"ஆடெல்லாம் நல்லாக் கொழுத்துருக்கே, எங்க மேச்சல்?" என்று கேட்டேன்.

"மேச்சலுக்கு எங்கண்ணே போக? இந்த வெயில்ல புல்லா மொளைக்குது? ரெண்டு மாசமா காஞ்ச கருவக் காயி, அந்த நெத்துதேன். மரத்தடியில கொட்டிக் கெடக்கு. அதுபாட்டுக்குத் திங்குதுக."

"அதான் இம்புட்டு வளப்பமா இருக்கு" என்றேன். மூன்று நாள் கிடைக்குப் பேசி முடித்தோம். சேதுராக்கு வரும்போது பார்த்து அசந்துபோக வேண்டும். போனில் சொல்லவில்லை.

ஜூலை 31, வியாழன்

மூன்று நாளும் வலையை இடம் மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னேன். ஒரு மூலையைக்கூட விடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கருப்பு மிளகைக் கொட்டியதுபோல் நாலு ஏக்கரும் புழுக்கை. சாத்தையாவுக்கு அரிசியும் பருப்பும் ஒரு புது வேட்டியும் கொடுத்து அனுப்பினேன். நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 6, புதன்

சேதுராக்கு வந்தாள், கருப்புக் கண்ணாடியோடு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் வயலுக்கு அழைத்துப் போனேன். "கண்ணாடியக் கழட்டாம பாரு, புதுக் கண்ணு" என்று கேலி செய்தேன்.

அவள் குனிந்து இரண்டு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தன நாளு கெட போட்டீங்க?"

"மூணு. ஒரு இடம் பாக்கியில்ல."

"என்னைய ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து டீ போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆசையாகச் செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை வரக்கூடாதா? எதற்கும் இவளைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா? அவள் கண்ணுக்கு மருந்து ஊற்றிவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

டிராக்டர் விட்டு இரண்டு சால் உழுது புழுக்கையை மண்ணோடு கலந்தாயிற்று. நெல்லைப் புழுதியில் விதைத்தாயிற்று. இனி வானம்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 30

மழை இல்லை.

அக்டோபர் 9

இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

பெய்தது! மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்து ஆறு மணி வரைக்கும் கொட்டியது. வயலில் போய் நனைந்துகொண்டே நின்றேன். வயசு அறுபது ஆகிறது, காய்ச்சல் வந்தால் வரட்டும். நாகுக்கு மழைச் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பினேன். "அப்பா, இன்னொரு தடவ அனுப்புங்க, அது பாதில நின்னுருச்சு" என்றான்.

அக்டோபர் 25, சனி

வயல் பச்சை கட்டிவிட்டது. நெல் ஊசி ஊசியாக எழும்பியிருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினேன். நாகு அதை லாரியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்னான். கூட வேலை பார்க்கும் ஆட்களிடமெல்லாம் காட்டினானாம். அவன் இப்படிச் சிரித்துப் பேசி எத்தனை வருடம் ஆயிற்று! தெருவில் எதிரே வந்தவனையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

இதை எழுத வேண்டுமா என்று இருக்கிறது.

நெல்லுக்கு நடுவே நெல் இல்லாத ஒன்று முளைத்து நிற்பதை நாலைந்து நாளாகவே பார்த்தேன். களை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேன். இன்று காலை சேதுராக்கு வரப்பில் உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். தடித்த இரண்டு விதையிலை, நடுவில் பொடிப்பொடியாகக் கருவை இலை. ஒரு புழுக்கை கிடந்த இடத்தில் ஐந்தாறு நிற்கிறது. நாலு ஏக்கரும் அப்படித்தான்.

"நெத்து தின்ன ஆடுங்க. கொட்டை செமிக்காது. வகுத்துக்குள்ள ஊறி வந்தா ஒண்ணு விடாம மொளைக்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மதுரையிலருந்து வந்தேன்ல, அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" கத்திவிட்டேன்.

"சொன்னா? நாலு ஏக்கரா புழுக்கையவும் அள்ளியிருப்பீங்களா? அம்புட்டு ஆசையாக் கூட்டிட்டுப் போனீங்க. வாய் வரல." இன்னொரு செடியைப் பிடுங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்க மாட்டேங்கிறீங்களே."

நான் கேட்கவில்லை. அவள் சொன்னாள்.

"நாகுக்கு மூணு வயசு. நானும் இதே மாதிரி கெட போட்டேன், நல்லா வெளையட்டும்னு. அதுக்கு முன்னாடி நம்ம வயல்ல ஒரு கருவை கெடையாது. ரெண்டு வருசம் குனிஞ்சு குனிஞ்சு பிடுங்குனேன். லீவு போட்டு வாங்கன்னு உங்களுக்கு ரெண்டு கார்டு போட்டேன். அதுக்கப்பறம்தேன் வகுத்துல இருந்தது தங்காமப் போச்சு. அதோட வயல விட்டுட்டேன்."

அந்தக் குழந்தை போனது கால் வழுக்கி விழுந்ததால் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கார்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. தீபாவளி நேரம், ஸ்பெஷல் வண்டிகள், லீவு தரவில்லை. கேட்டேனா என்பது நினைவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டு பேரும் காலை முதல் பொழுது சாயும் வரை பிடுங்கினோம். அரை செண்ட் இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

கூலிக்கு ஆள் தேடினேன். முள் வேலை, நூறு நாள் வேலைக்குப் போனாலே போதும் என்கிறார்கள். செடி மூன்று அங்குலம், வேர் ஒரு சாண். இழுத்தால் பாதியில் அறுந்து வருகிறது. நெல்லும் கூடவே பிடுங்கிக்கொண்டு வருகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

அக்டோபரில் பெய்ததுதான், அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. நெல் நுனி கருக ஆரம்பித்துவிட்டது. கருவைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாகு கேட்டான், பயிர் எப்படி இருக்கிறது என்று. இருக்கிறது என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

சேதுராக்கின் இடது கண் சிவந்திருக்கிறது. மண்ணும் வெயிலும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயலுக்கு வராதே என்றேன். "நீங்க வாரம் முழுக்கப் பிடுங்குறத நான் ஒரு நாள்ல பிடுங்கிருவேன், பேசாம வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

டிசம்பர் 3, புதன்

நெல் போய்விட்டது. கையால் தொட்டால் பொடிகிறது. நாலு ஏக்கரிலும் ஒரு படி நெல் தேறாது. கருவை முழங்காலுக்குப் பாதி வந்துவிட்டது, பச்சைப்பசேல் என்று நிற்கிறது. பாவி, என்னை யார் கிடை போடச் சொன்னது? யார் கேட்டார்கள்?

டிசம்பர் 9, செவ்வாய்

நாகு காலையில் பேசினான். நாளை மறுநாள் கம்பெனியில் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. வேலைய விடுறேன்னு பேப்பர் போட்டுறவா?"

லைன் சரியில்லை, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

சாயந்திரம் வயலுக்குப் போனேன். வடகிழக்கு மூலையிலிருந்து, மேட்டில் ஏறி நின்று பார்த்தால் வெறும் பச்சை. கடற்காற்றுக்கு அலை அலையாக அசைகிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நெல்தான். அங்கிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். எழுத்து எதுவும் போடவில்லை. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. என் வயலை எடுத்தேன், அனுப்பினேன்.

டிசம்பர் 11, வியாழன்

"அப்பா, பேப்பர் போட்டுட்டேன்! ஜனவரி எட்டாந்தேதி மதுரையில எறங்குறேன். அறுவடைக்கு நான் இருப்பேன்!"

பின்னால் நாலைந்து பேர் ஓவென்று கத்துவது கேட்டது. அவன் கூட இருக்கிற ஆட்கள்.

சேதுராக்கிடம் சொன்னேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டோவைக் காட்டு என்றாள். காட்டினேன். அவள் போனை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "பெத்த பிள்ளைக்கா?" என்றாள். இரவு நான் சாப்பிடவில்லை, அவள் கூப்பிடவும் இல்லை.

போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 14

சொல்லவில்லை.

டிசம்பர் 20

சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன.

ஜனவரி 8, வியாழன்

இந்த டைரியில் ஜனவரிப் பக்கங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. கிழமையை மட்டும் திருத்தி எழுதுகிறேன்.

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான், காதோரம் நரைத்திருக்கிறது. சேதுராக்கு அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டு பெரிய பெட்டி. உள்ளே துணி, கம்பளி, ஒரு பழைய ரைஸ் குக்கர். எனக்கு ஒரு டார்ச் லைட். வயலுக்குப் போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். இருட்டிவிட்டது, காலையில் போகலாம் என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அவனே எழுந்து தனியாகப் போய்விட்டான். நான் பின்னால் ஓடினேன். போய்ச் சேரும்போது வரப்பில் நின்றுகொண்டிருந்தான். முழங்கால் உயரக் கருவை. நடுநடுவே காய்ந்த நெல் தாள்.

நான் மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் செருப்பைக் கழற்றி உள்ளே ஏறிய முள்ளைப் பிடுங்கினான். ரொம்ப நேரம் பிடுங்கினான். என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்" என்றான். "நான் பேப்பர் போடல. சும்மா சந்தோசத்துல சொன்னேன். லீவுதான். பதினஞ்சு நாளு. திரும்பப் போயிருவேன்."

"நெசமாவாப்பா?"

"நெசமாத்தான். வேலைய விட்டுட்டு யாராவது வருவாய்ங்களா?"

எனக்கு உயிர் வந்தது. நல்லவேளை, வேலையை விடவில்லை. பிள்ளை கெட்டிக்காரன், எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சேதுராக்கிடம் சொன்னேன். "லீவுக்கு வர்றவன் ரைஸ் குக்கரையும் கம்பளியையுமா தூக்கிட்டு வருவான்?" என்றாள். பழசாகிவிட்டதால் கொண்டு வந்திருப்பான் என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நாகு அம்மாவோடு வயலில் பிடுங்கிக்கொண்டிருந்தான். பண்டிகை நாளிலாவது சும்மா இரு என்றேன். கேட்கவில்லை. உள்ளங்கை பிய்ந்து போயிருக்கிறது. இரண்டு பேரும் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி 24, சனி

இன்று கிளம்பினான். ராத்திரி மதுரையிலிருந்து பிளைட் என்றான். ஏர்போர்ட் வரை வருகிறேன் என்றதற்கு, வேணாம்ப்பா, வேணாம்ப்பா என்று ஒரே பிடிவாதம். சேதுராக்கு அந்த ரைஸ் குக்கரைத் துண்டில் சுற்றி அவன் பையில் வைத்தாள். ஊறுகாய் வைத்தாள். பெரிய பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டான்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். மதுரை வண்டி ஒன்று காலியாக நின்றது. அதில் ஏறு, சீட் இருக்கிறது என்றேன். பக்கத்தில் நின்ற திருப்பூர் வண்டியில் ஏறினான். இதுவும் மதுரை வழிதானேப்பா என்றான். வாஸ்தவம், மதுரை வழிதான்.

வண்டி எடுப்பதற்கு முன்பே கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். நாகு தலையைக் குனிந்து, வாய்க்குள்ளேயே கேட்டான். முப்பத்தோரு வருடம் எத்தனை கூட்டத்தில், எத்தனை இரைச்சலில் ஊர் பேரைக் காதில் வாங்கியிருக்கிறேன். "திருப்பூர் ஒண்ணு" என்றான்.

"டிக்கெட் எடுத்துட்டியாப்பா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன்ப்பா. மதுரைக்கு."

"ஜாக்கிரதையாப் போ. பாஸ்போர்ட்ட பத்திரமா வச்சுக்க" என்றேன். தலையாட்டினான். வண்டி போன பிறகு அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, பிளைட் எட்டு மணிக்காம் என்று சேதுராக்கிடம் சொன்னேன். சரி என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நாகு பேசினான். தம்மாமில் நல்ல குளிராம். போர்த்திக்கொள்ளக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குப்பா என்றான். பின்னால் யாரோ தமிழில், "யேய், ரெண்டாவது ஷிப்ட்டு மணி அடிச்சாச்சு, வா" என்று கத்தினார்கள்.

"இங்கயும் நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்கப்பா" என்றான்.

நல்லது, துணைக்கு ஆள் இருந்தால் நல்லதுதான் என்றேன்.